சிப்பி ஸ்டஃபிங்: அந்த இரண்டு வரிகளைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் நவம்பரில் அமெரிக்கர்கள் கொண்டாடும் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி நாள் விருந்தைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. சிப்பி ஸ்டஃபிங், அதாவது வான்கோழியின் வயிற்றுக்குள் அடைக்கிற சிப்பி சேர்த்த ரொட்டிக் கலவை, செய்வது எப்படி என்று கட்டம் கட்டி ஒரு செய்முறையும் போட்டிருந்தீர்கள். அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் இரண்டு வரிகள் ஆளைப் படுக்கையில் தள்ளிவிடக்கூடியவை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றபடி கட்டுரையோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. சின்னச் சண்டை ஒன்று உண்டு, அதற்கும் வருகிறேன்.

மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடாவுக்குப் பக்கத்தில், ஒரு பல்பொருள் கடையின் மீன் கவுண்ட்டரில் வேலை பார்க்கிறேன். நான் சமையல் வித்வானும் இல்லை, டாக்டரும் இல்லை. ஆனால் நவம்பர் பிறந்துவிட்டால் சிப்பி வாங்க வருகிறவர்கள் எல்லாரும் என் முன்னால்தான் வரிசையில் நிற்கிறார்கள். டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு, தங்கள் பாட்டி எப்படிச் செய்வார் என்று சொல்லாமல் நகர்கிறவர்கள் குறைவு. பக்கத்தில் நிற்கிறவர் அதை மறுப்பார். வரிசை நின்றுவிடும். எனக்குத் தெரிந்ததில் பாதி இப்படி வந்ததுதான். மீதிப் பாதி, இந்த வேலைக்கு வந்தவுடன் எங்களுக்குக் கட்டாயமாகச் சொல்லித்தரும் உணவுப் பாதுகாப்புப் பாடம்.

முதல் வரி இது: பச்சைச் சிப்பியை எலுமிச்சைச் சாற்றிலும் மிளகுத்தூளிலும் பிரட்டி வைத்தால் கிருமி போய்விடும், அப்படியே ரொட்டியோடு கலக்கலாம் என்று போட்டிருக்கிறீர்கள். போகாது. எலுமிச்சைக்கும் போகாது, காரமான சாஸுக்கும் போகாது, கூட ஒரு கிளாஸ் ஒயின் குடித்தாலும் போகாது. சூடு ஒன்றுக்குத்தான் போகும்.

சிப்பி ஓரிடத்தில் உட்கார்ந்தபடியே கடல்நீரை உள்ளே இழுத்து வடிகட்டி, அதில் இருப்பதைத் தின்று உயிர் வாழ்கிறது. நன்றாக வளர்ந்த ஒரு சிப்பி ஒரு நாளில் 50 காலன், அதாவது கிட்டத்தட்ட 190 லிட்டர் தண்ணீர் வரை வடிகட்டும் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. விரிகுடாவுக்கு அது நல்லது. ஆனால் தண்ணீரில் இருக்கும் கிருமியும் அதோடு சிப்பியின் உடம்பில் சேர்ந்துவிடுகிறது. வைப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி அப்படிச் சேர்வதுதான். ஆரோக்கியமான ஆளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கோடு போகலாம். ஈரல் கெட்டவர்கள், சர்க்கரை நோயாளிகள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு அது ரத்தத்தில் கலந்து உயிரையே எடுத்துவிடும். நம் ஆட்கள் கூடுகிற எந்த விருந்திலும் சர்க்கரை மாத்திரை போடுகிற பெரியவர் நான்கு பேராவது இருப்பார்கள். உங்கள் பத்திரிகையைப் படிப்பவர்களில் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வந்து, அவர்கள் வீட்டு அடுப்படியில் நிற்கிற அம்மாக்களும் இருக்கிறார்கள். அவர்கள் அந்தக் கட்டத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பார்களே என்பதுதான் என் கவலை.

இரண்டாவது வரி: முதல் நாள் இரவே எல்லாவற்றையும் கலந்து வான்கோழிக்குள் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் சாறு நன்றாக ஊறும் என்பது. அமெரிக்க வேளாண் துறை வருஷா வருஷம் தொண்டை கிழியச் சொல்வது இதற்கு நேர் எதிர். பச்சைக் கோழியின் வயிற்றில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அதன் சாறு ரொட்டியில் இறங்கும். ரொட்டி அடைத்த வயிறு ஃபிரிட்ஜில் குளிர்வதற்கு வெகு நேரமாகும், மறுநாள் ஓவனில் சூடாவதற்கும் வெகு நேரமாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிருமிக்குக் கொண்டாட்டம். 40 முதல் 140 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை உள்ள இடைவெளியை எங்கள் பாடத்தில் ஆபத்து எல்லை என்றே சொல்வார்கள். அதில் வேகாத சிப்பியையும் சேர்த்து ராத்திரி முழுக்க வைக்கச் சொல்வதை எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வது?

வேளாண் துறையின் விதி தெளிவாக இருக்கிறது. ஸ்டஃபிங்கில் இறைச்சியோ சிப்பியோ சேர்ப்பதாக இருந்தால் முதலில் அதை வேக வைத்துவிட வேண்டும். அடைப்பதாக இருந்தால், ஓவனுக்குள் தள்ளுவதற்குச் சற்று முன்னால்தான் அடைக்க வேண்டும். வெந்த பிறகு ஸ்டஃபிங்கின் நட்டநடுவில் தெர்மாமீட்டர் 165 டிகிரி ஃபாரன்ஹீட் (74 செல்சியஸ்) காட்ட வேண்டும். வெளியே தோல் பொன்னிறமாகிவிட்டது என்பதெல்லாம் ஒரு சாட்சியே இல்லை.

குறையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயமாக இருக்காது. இங்கே வீடுகளில் எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன். உங்களுக்கு இடம் இருந்தால் போடுங்கள்.

ஓட்டோடு சிப்பி வாங்கிக் கத்தியால் திறக்கிற வேலை ஸ்டஃபிங்குக்குத் தேவையில்லை. பழக்கமில்லாதவர் கையில் அந்தக் கத்தி போகும் இடம் சிப்பியாக இருக்காது. ஓடு நீக்கிய சதையை அதன் தண்ணீரோடு பைன்ட் டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். ஒரு பைன்ட் என்பது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. டப்பாவில் விற்பனைக் கெடு தேதி இருக்கும். பக்கத்தில் அந்த நிறுவனத்தின் சான்று எண் இருக்கும்: மாநிலத்தின் இரண்டெழுத்து, நடுவில் எண், கடைசியில் எஸ்.பி. என்ற இரண்டெழுத்து. ஓடு நீக்கி அடைப்பதற்கு அனுமதி பெற்ற இடம் என்று அதற்குப் பொருள். அந்த எண் இல்லாத டப்பாவை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், யாரிடமும் வாங்காதீர்கள்.

அளவு வாரியாகப் பெயரும் உண்டு. ஸ்டாண்டர்ட் என்றால் சின்னது, செலெக்ட் என்றால் அதைவிடப் பெரியது, கவுன்ட் என்றால் மிகப் பெரியது. ஸ்டஃபிங்குக்கு ஸ்டாண்டர்டே போதும். எப்படியும் நறுக்கிப் போடப்போகிறோம். பெரியதற்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். இதை நான் சொன்னால் எங்கள் மேனேஜருக்குப் பிடிக்காது. வறுக்கிறவர்கள்தான் செலெக்ட் வாங்க வேண்டும்.

டப்பாவைத் திறந்தால் தண்ணீர் தெளிவாகவோ லேசாகப் பால் கலந்த மாதிரியோ இருக்க வேண்டும். கடல் வாசனை வரலாம், புளித்த வாசனை வரக்கூடாது. சதை கொஞ்சம் பச்சையாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது தின்ற பாசியின் நிறம். சில சமயம் பட்டாணி அளவில் ஒரு குட்டி நண்டு கிடக்கும். சிப்பிக்குள்ளேயே குடியிருக்கிற நண்டு அது. கெடுதல் எதுவும் செய்யாது. புதிதாக வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பாய்ந்து வந்து டப்பாவைத் திருப்பித் தருவார்கள். விரிகுடாவின் கிழக்குக் கரைப் பக்கத்துக் கிழவர்களோ, அந்த நண்டு தங்களுக்குக் கிடைக்கவில்லையே என்று குறைப்படுவார்கள்.

இனி அடுப்பு வேலை. டப்பாவில் இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். உங்கள் செய்முறை சிப்பியை நன்றாகக் கழுவி, தண்ணீரை இறுத்துவிடச் சொல்கிறது. அதைப் படித்தபோது எனக்கு வயிறெரிந்தது. அந்தப் பதார்த்தத்தின் ருசியே அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. ஓட்டுத் துகளும் மணலும் இருக்கும் என்பதால் மெல்லிய துணியில் வடிகட்டி ஒரு சின்னப் பாத்திரத்தில் ஊற்றுங்கள். அதிலேயே சிப்பியைப் போட்டுச் சூடாக்குங்கள். கொதி வந்ததும் 3 நிமிடம் விட வேண்டும். சிப்பியின் ஓரங்கள் சுருண்டு, உடம்பு திரண்டு நிற்கும். உடனே அரிகரண்டியால் எடுத்துத் தட்டில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ரப்பராகிவிடும். தண்ணீரைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். ஆறியதும் சிப்பியை இரண்டாகவோ மூன்றாகவோ நறுக்கினால் போதும். பொடிப்பொடியாக நறுக்கினால் எங்கே போனதென்றே தெரியாது.

ரொட்டி 1 பவுண்டு, அதாவது 450 கிராம். வெள்ளை ரொட்டி, பழசாக இருந்தால் இன்னும் நல்லது. கட்டைவிரல் அகலத்துக்குத் துண்டு போட்டு, ஓவனில் 300 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அரைமணி நேரம் போல் வைத்து ரஸ்க் மாதிரி உலர்த்த வேண்டும். இந்த வேலையை மட்டும் முதல் நாளே செய்துவிடலாம். ஈரம் போகாத ரொட்டியைப் போட்டால் கடைசியில் களிதான் கிடைக்கும்.

வாணலியில் வெண்ணெய் ஒரு கட்டி, இங்கே கணக்குக்கு 113 கிராம். அதில் வெங்காயம் 2 கப், செலரித் தண்டு 2 கப், இரண்டையும் நிதானமாக வதக்க வேண்டும். வெங்காயம் சிவக்க வேண்டாம், கண்ணாடி மாதிரி ஆனால் போதும். செலரியின் வாசனை நம்மில் பலருக்கு முதலில் பிடிப்பதில்லை. அதற்காக விட்டுவிடாதீர்கள், வெண்ணெயில் வதங்கியதும் அது வேறு ஆளாகிவிடும். சேஜ், தைம் இலைகள், நறுக்கிய பார்ஸ்லி, மிளகுத்தூள் சேர்த்து இறக்குங்கள். சேஜ் கை தாராளமாகப் போனால் மருந்துக்கடை வாசனை வரும், ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். உப்பு இப்போது போடாதீர்கள். சிப்பித் தண்ணீரே உப்புக் கரிக்கும். எல்லாம் கலந்த பிறகு, முட்டை சேர்ப்பதற்கு முன் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, வேண்டுமானால் போடலாம்.

அகலமான பாத்திரத்தில் ரொட்டி, வதக்கியது, சிப்பி மூன்றையும் புரட்டி, சிப்பித் தண்ணீரை முதலில் தெளியுங்கள். பிறகு ஒன்றரைக் கப் கோழிச் சாறு, அடித்த முட்டை இரண்டு. ரொட்டி நனைந்திருக்க வேண்டும், அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. வெண்ணெய் தடவிய 9-க்கு 13 அங்குல ஓவன் தட்டில் பரப்பி, மேலே அலுமினியத் தாள் மூடி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அரைமணி. தாளை எடுத்துவிட்டு இன்னும் 15 நிமிடமோ 20 நிமிடமோ. மேலே மொறுமொறுவென்று ஆகும், உள்ளே மெத்தென்று இருக்கும். நடுவில் தெர்மாமீட்டரைக் குத்தி 165 பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு பத்துப் பேருக்குத் தாராளம்.

கவனித்தீர்களா, வான்கோழி இன்னும் வரவே இல்லை. இதை நான் வேண்டுமென்றேதான் தனித் தட்டில் சொன்னேன். தெற்கு மாநிலங்களில் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே ரொட்டிக்குப் பதில் சோள ரொட்டி; நியூ ஆர்லியன்ஸ் பக்கம் போனால் பிரெஞ்சு ரொட்டியும், வெங்காயம் செலரியோடு குடைமிளகாயும் சேரும். கோழி வயிற்றுக்குள் வைத்தால்தான் சாறு இறங்கும் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். இறங்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடுவில் இருக்கும் ரொட்டி 165-ஐத் தொடுவதற்குள் நெஞ்சுக்கறி காய்ந்து நாராகிவிடும். சாறுதான் வேண்டுமென்றால், வான்கோழி வறுபட்ட தட்டில் வழிந்து நிற்பதை நான்கு கரண்டி எடுத்து, தாளை நீக்கும்போது ஸ்டஃபிங்கின் மேல் ஊற்றுங்கள். சண்டை அதோடு முடிந்தது.

இல்லை, அடைத்துத்தான் ஆவேன் என்கிறவர்களுக்கு: வான்கோழியின் எடையில் ஒவ்வொரு பவுண்டுக்கும் முக்கால் கப் அளவுதான், அதுவும் அழுத்தாமல் தளர்வாக. ஓவன் 325 டிகிரிக்குக் கீழே இருக்கக் கூடாது. அடைக்காத வான்கோழியைவிட நேரம் கூடுதலாகப் பிடிக்கும். வெளியே எடுத்து 20 நிமிடம் விட்டபிறகுதான் ஸ்டஃபிங்கைத் தோண்ட வேண்டும்.

தனித் தட்டுக்கு நம் வீடுகளில் இன்னொரு காரணமும் இருக்கிறது. கூட்டத்தில் சைவம் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள். சிப்பி, கோழிச் சாறு இரண்டும் இல்லாமல், காய்கறிச் சாறு ஊற்றி இன்னொரு தட்டு வைத்துவிடலாம். கரண்டியும் தனியாக இருக்கட்டும். ஒவ்வாமை உள்ளவர்களையும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில் உணவுப் பொட்டலத்தில் ஒவ்வாமை தரும் பொருள்களைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று 2004-ல் சட்டம் வந்தது. அதில் நண்டு, இறால் வகை இருக்கிறது. சிப்பி வகை இல்லை. பொட்டலத்தில் தனி எச்சரிக்கை இல்லை என்பதை நம்பி இருக்க முடியாது. ஸ்டஃபிங்கில் சிப்பி வெளியே தெரியாமல் கிடக்கும் என்பதால், வாயைத் திறந்து சொல்லிவிடுவதுதான் வழி.

சரி, அந்தச் சின்னச் சண்டைக்கு வருகிறேன். இங்கிலாந்திலிருந்து வந்து பிளிமத்தில் குடியேறியவர்கள் 1621-ல் நடந்த முதல் விருந்திலேயே வான்கோழிக்குள் சிப்பி அடைத்தார்கள், அந்த வழக்கம் அப்படியே தொடர்கிறது என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அந்த விருந்தைக் கண்ணால் பார்த்து எழுதிய எட்வர்ட் வின்ஸ்லோவின் கடிதம் இருக்கிறது. 1621 டிசம்பரில் எழுதியது. நான்கு பேர் பறவை வேட்டைக்குப் போனதும், பூர்வகுடித் தலைவர் மசாசோய்ட் சுமார் 90 பேரோடு வந்ததும், அவர்கள் ஐந்து மான் கொண்டுவந்ததும் அதில் உண்டு. சிப்பி அடைத்த கதை இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே கடிதத்தில் வேறோர் இடத்தில் சிப்பி வருகிறது: பக்கத்தில் எங்களுக்குச் சிப்பி இல்லை, வேண்டுமென்றால் பூர்வகுடிகளிடம் சொல்லிக் கொண்டுவரலாம் என்கிற அர்த்தத்தில்.

கோழியோடு சிப்பி சேர்ப்பது இங்கிலாந்துச் சமையலில் ஏற்கெனவே இருந்த பழக்கம். 1796-ல், அமெரிக்கர் ஒருவரே எழுதி அச்சில் வந்த முதல் சமையல் புத்தகத்திலும் கோழிக்குள் சிப்பி நிரப்பி வேகவைக்கும் முறை இருக்கிறது. ஆனால் அது ஊரெல்லாம் பரவியது 19-ம் நூற்றாண்டில்தான். அன்றைக்கு சிப்பி ஏழைகளின் சாப்பாடு. மாமிசத்தைவிட மலிவு என்பதால் கறியில் அளவைக் கூட்டுவதற்குச் சிப்பியைப் போட்டார்கள். ரயில் வந்ததும், பால்டிமோரில் பீப்பாயிலும் டின்னிலும் அடைத்த சிப்பி கடலையே பார்க்காத உள்நாட்டு ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. குளிர்காலத்தில்தான் கெடாமல் போகும் என்பதால், தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் இரண்டு விருந்துகளிலும் அது ஒட்டிக்கொண்டது.

கதைதான் வேண்டுமென்றால் தாமஸ் டவுனிங்கின் கதையைப் போட்டிருக்கலாமே. 1791-ல் வர்ஜீனியாவின் சின்கோட்டீக்கில் பிறந்த கறுப்பினத்தவர். பெற்றோர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள். சிறுவயதிலேயே சிப்பி அள்ளக் கற்றவர், பிறகு நியூயார்க் போய் பிராட் தெருவில் நிலவறையில் சிப்பி உணவகம் நடத்தினார். வங்கிக்காரர்களும் அரசியல்வாதிகளும் வந்து சாப்பிட்ட இடம். அங்கே பரிமாறியவற்றில் சிப்பி அடைத்து வேகவைத்த வான்கோழியும் ஒன்று. மேலே பெரிய மனிதர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமைகளை அவர் அதே கட்டடத்தின் அடியில் மறைத்து வைத்து வடக்கே அனுப்பினார் என்பது வரலாறு. 1866-ல் அவர் இறந்தபோது நியூயார்க் வணிகர் சங்கம் மரியாதைக்காக அன்றைக்குக் கதவை மூடியது. இப்படி ஒரு மனிதர் இருக்கும்போது, ஆதாரமே இல்லாத அந்த 1621 சிப்பிக் கதை எதற்கு?

எங்கள் கவுண்ட்டருக்கு சர்ச் உடையில் ஒரு கறுப்பினப் பெரியம்மா ஒவ்வொரு நவம்பரிலும் வருவார். அவருக்குச் செய்முறை எழுதி வைக்கும் பழக்கமே இல்லை. “உன் மூக்கு எதற்கு இருக்கிறது?” என்று என்னையே கேட்பார். டப்பாத் தண்ணீரை வடிகட்டாமல் விடுகிறவர்களையும் சேஜை அள்ளிக் கொட்டுகிறவர்களையும் அவர் திட்டுகிற திட்டை இங்கே எழுத முடியாது. மேலே நான் சொன்ன செய்முறையில் நல்லதாக ஏதாவது இருந்தால் அது பெரும்பாலும் அவருடையது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1880-களில் மேரிலாந்து நீரில் மட்டும் ஆண்டுக்கு ஒரு கோடி புஷலுக்கு (இங்கே சிப்பி அளக்கிற கூடைக் கணக்கு) மேல் சிப்பி அள்ளினார்கள். அளவில்லாமல் அள்ளியதும், பிறகு வந்த நோய்களும், கெட்டுப்போன தண்ணீரும் சேர்ந்து இன்றைக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் செய்துவிட்டன. ஏழை வீட்டுச் சரக்கு இப்போது விலை பார்த்து வாங்குகிற பொருளாகிவிட்டது. பொதுநீரில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரைதான் பருவம். மூன்று அங்குலத்துக்குக் குறைந்ததைத் திரும்பத் தண்ணீரிலேயே போட்டுவிட வேண்டும். பெயரில் ‘ர’கரம் வருகிற மாதங்களில்தான் சிப்பி சாப்பிட வேண்டும் என்று இங்கே ஒரு பழைய பேச்சு உண்டு, மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் அதில் அடிபட்டுப்போகும். வெயில் காலத்தில் சிப்பி முட்டையிட்டு மெலிந்துவிடும், சூடான தண்ணீரில் நான் முன்னே சொன்ன கிருமியும் பெருகும். இப்போது பண்ணைகளில் மலட்டுச் சிப்பி வளர்ப்பதால் கோடையிலும் கொழுத்த சதை கிடைக்கிறது. சதை கொழுத்திருந்தாலும் கோடைத் தண்ணீரில் கிருமி இருக்கத்தான் செய்யும், எந்த மாதமானாலும் வேக வைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

எண்ணெயில் ஊறிய புகை போட்ட டின் சிப்பியைப் பதிலாகப் போடலாம் என்ற உங்கள் யோசனை எனக்கு ஒத்துவரவில்லை. தட்டு முழுக்கப் புகை வாசனைதான் வரும். நல்ல டப்பா கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் உறைய வைத்த சிப்பி வாங்கி, ஃபிரிட்ஜுக்குள் வைத்தே உறைவு நீக்கிக்கொள்ளலாம். அதுவும் கிடைக்கவில்லையா, சிப்பி இல்லாமலேயே ஸ்டஃபிங் செய்யுங்கள். யாரும் வழக்குப் போடப் போவதில்லை.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். பேசிக்கொண்டே ராத்திரி வரை மேசையில் விட்டுவிடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் வைத்தால் சீக்கிரம் குளிரும். மறுநாள் திரும்ப 165 வரும்வரை சூடாக்கிச் சாப்பிடலாம். ஒரு துண்டை வெண்ணெயில் இரண்டு பக்கமும் முறுகவிட்டு மேலே ஒரு முட்டை உடைத்து ஊற்றினால், முதல் நாளைவிட அதுதான் எனக்குப் பிடிக்கும்.

போகிற போக்கில் ஒன்று. பண்டிகை நவம்பர் கடைசி வியாழன் என்று போட்டிருக்கிறீர்கள். லிங்கன் 1863-ல் அறிவித்தது அப்படித்தான். 1941 டிசம்பரில் வந்த சட்டப்படி அது நான்காவது வியாழன். பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டும் ஒன்றுதான். 2023-ல் நவம்பரில் ஐந்து வியாழன் வந்தது, பண்டிகை 23-ம் தேதியே முடிந்துவிட்டது. உங்கள் பத்திரிகையை நம்பி 30-ம் தேதிக்கு விமான டிக்கெட் போட்டிருந்தால் பாவம்.

உங்களிடம் கேட்பது இதுதான். எலுமிச்சை வரியையும் முதல் நாள் இரவு வரியையும் நீக்கி, அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். வரலாற்றுப் பகுதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதனால் யாருக்கும் காய்ச்சல் வராது. திருத்தம் பண்டிகைக்கு முந்தைய ஞாயிறு இணைப்பில் வந்தால் பிரயோஜனம் குறைவு. அதற்குள் பாதிப் பேர் என்னிடம் வந்து டப்பா வாங்கிப் போயிருப்பார்கள். அதற்கும் முந்தைய ஞாயிறே வரும்படி பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
அன்னபோலிஸ், மேரிலாந்து